தேவைப்படும்போது மட்டும் ஸ்கிரிப்டை ஏற்றுதல்: வரைபடம், பிடிஎஃப், தட்டச்சுக் கருவி மூன்றிலும் சிக்கல்

கல்லெழுத்து (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். தாமிரபரணிக் கரையூர்களின் கல்வெட்டுகளைத் தொகுத்துத் தரும் சிறிய தளம் ஒன்றை நானும் இரு நண்பர்களும் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பக்கம். கல்வெட்டின் வாசகமும் படங்களும் மேலே இருக்கும். அடியில் லீஃப்லெட் கொண்டு வரைந்த வரைபடம் இருக்கும். பழைய அறிக்கைகளின் ஸ்கேன் பிரதிகளைப் பக்கத்துக்குள்ளேயே காட்டுவதற்குப் பிடிஎஃப்.ஜேஎஸ் வைத்திருக்கிறோம். தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தரும் தட்டச்சுக் கருவியும் உண்டு.

இந்த மூன்றுக்குமான ஸ்கிரிப்டுகள் இதுவரை ஹெட் பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கல்வெட்டை வாசிக்க மட்டும் வருபவரும் அவ்வளவும் இறங்கி முடியும்வரை வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. களப்பணிக்குப் போகும் மாணவர்கள் கோயில் பிரகாரத்தில் நின்றபடி, சிக்னல் ஒரு கோடு மட்டும் உள்ள கைப்பேசியில் எங்கள் பக்கத்தைத் திறக்கிறார்கள். அவர்களுக்காகவாவது இதைச் சரிசெய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆகவே ஒரு சிறிய ஃபங்ஷன் எழுதினேன். அது புதிதாக ஒரு ஸ்கிரிப்ட் உறுப்பை உருவாக்கி, முகவரியைக் கொடுத்து, ஹெட்டில் சேர்க்கும். எது தேவையோ அப்போது அதை அழைக்கிறேன். பக்கம் இப்போது விரைவாகத் திறக்கிறது, ஆனால் மூன்று புதிய சிக்கல்கள் வந்துவிட்டன.

வரைபடம் சில நேரம் ஒழுங்காக வருகிறது, சில நேரம், நெருங்கிய குறிகளைத் தொகுத்துக் காட்டும் மார்க்கர்கிளஸ்டர் என்ற லீஃப்லெட் துணைக்கருவியின் கோப்பிலிருந்து 'எல் இஸ் நாட் டிஃபைன்ட்' என்ற பிழை கன்சோலில் வருகிறது. தட்டச்சுக் கருவியின் கோப்பு 200 என்ற நிலையோடு இறங்கியதாக நெட்வொர்க் பலகம் காட்டுகிறது, பிழை எதுவும் இல்லை, ஆயினும் கருவி வேலை செய்வதில்லை. அறிக்கையைத் திறக்கும் பொத்தானை அழுத்தினால் சில வினாடிகள் எதுவும் நடப்பதில்லை. பயனர் மறுபடி அழுத்துகிறார், பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அறிக்கைகள் திறக்கின்றன.

ஸ்கிரிப்ட் உறுப்பை இன்னர்எச்டிஎம்எல் வழியாகச் செருகியும் பார்த்தேன், அது இயங்கவே இல்லை. இதற்கெல்லாம், பல ஸ்கிரிப்டுகளை ஒன்றுசேர்த்துக் கட்டித் தரும் வெப்பேக், வீட் போன்ற தொகுப்பிகளுக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா, அல்லது கையால் எழுதியே முறையாகச் செய்ய முடியுமா?

வெண்ணாறு (மறுமொழி)

வணக்கம். தொகுப்பி இல்லாமலே செய்யலாம். தாங்கள் சொன்ன மூன்று சிக்கல்களுக்கும் காரணம் தனித்தனி, ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் வரிசை. எச்டிஎம்எல்லில் நேரடியாக எழுதிய ஸ்கிரிப்டுகள் எழுதிய வரிசையில் இயங்கும். ஆனால் ஜாவாஸ்கிரிப்டால் உருவாக்கிச் சேர்க்கும் ஸ்கிரிப்ட் உறுப்பு, நாம் எதுவும் சொல்லாவிட்டாலும் ஏசிங்க் ஆகவே நடத்தப்படும்; எந்தக் கோப்பு முதலில் வந்து சேர்கிறதோ அது முதலில் இயங்கும். லீஃப்லெட்டின் 1.x பதிப்புகள் 'எல்' என்ற பொது மாறியை உருவாக்கி வைக்கின்றன, மார்க்கர்கிளஸ்டர் அந்த மாறியின்மேல்தான் தன்னைப் பொருத்திக்கொள்கிறது. லீஃப்லெட் சுருக்கிய நிலையில் ஏறத்தாழ 42 கிலோபைட். மார்க்கர்கிளஸ்டர் அதைவிடச் சிறியது. மெதுவான இணைப்பில் சிறிய கோப்பு முந்திக்கொண்டால் 'எல்' இன்னும் பிறந்திருக்காது. தங்கள் மேசைக் கணினியில் பெரும்பாலும் சரியாக வந்து, கைப்பேசியில் அடிக்கடி தவறுவதற்குக் காரணம் இதுவே. உறுப்பைச் சேர்ப்பதற்கு முன் அதன் ஏசிங்க் பண்பை 'ஃபால்ஸ்' என்று மாற்றினால், கோப்புகள் இணையாக இறங்கினாலும் சேர்த்த வரிசையில் இயங்கும். எச்டிஎம்எல் முழுதும் படிக்கப்பட்ட பிறகே ஸ்கிரிப்டை இயக்கச் சொல்லும் டிஃபர் பண்பைப் போடுவதால் இங்கே எந்தப் பயனும் இல்லை, ஏனெனில் அந்தப் பண்பு பக்கத்தின் எச்டிஎம்எல்லிலேயே எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகளுக்குத்தான் பொருந்தும்.

ஆனால் ஏசிங்க் 'ஃபால்ஸ்' என்பது வரிசையை மட்டுமே காக்கும். லீஃப்லெட் வராமல் போனாலும் மார்க்கர்கிளஸ்டர் இயங்கத்தான் செய்யும், அதே பிழைதான் வரும். ஆகவே தங்கள் ஃபங்ஷன் ஒரு ப்ராமிஸை, அதாவது இனிமேல் முடியப்போகும் வேலையின் விளைவைக் குறிக்கும் பொருளை, திருப்பித் தரட்டும்: கோப்பு வந்து ஆன்லோட் நிகழ்ந்தால் நிறைவேறட்டும், வராமல் ஆன்எரர் நிகழ்ந்தால் நிராகரிக்கப்படட்டும். லீஃப்லெட்டின் ப்ராமிஸ் நிறைவேறிய பிறகு மார்க்கர்கிளஸ்டரை அழையுங்கள், அதுவும் நிறைவேறிய பிறகு வரைபடத்தை வரையுங்கள். ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பதால் ஒரு சுற்றுப்பயண நேரம் கூடுமே என்று தோன்றினால், இரண்டாவது கோப்புக்கு ப்ரீலோட் இணைப்பு ஒன்றை முன்கூட்டிச் சேர்த்துவிடுங்கள். கோப்பு இறங்கிக் காத்திருக்கும், உரிய நேரத்தில் மட்டும் இயங்கும்.

அந்த ஃபங்ஷனுக்குள் ஒரு மேப் (வரைபடம் அன்று, சாவியையும் மதிப்பையும் இணைத்து வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பட்டியல்) வைத்துக்கொள்ளுங்கள். முகவரி அதன் சாவி, ப்ராமிஸ் அதன் மதிப்பு. அதே முகவரி இரண்டாவது முறை கேட்கப்பட்டால் புதிய உறுப்பை உருவாக்காமல் பழைய ப்ராமிஸையே திருப்பித் தர வேண்டும். 'கோப்பு வந்துவிட்டதா' என்று ஒரு கொடியை வைத்துச் சோதிக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. கோப்பு வந்துகொண்டிருக்கும் இடைவெளியில் இரண்டாவது அழுத்தம் நிகழ்ந்தால் அந்தக் கொடி இன்னும் ஏறியிருக்காது, எனவே அது தங்களைக் காப்பாற்றாது. ப்ராமிஸையே சேமித்தால் அந்த இடைவெளியும் மூடப்படும். ஆயினும் இரண்டு அறிக்கைகள் திறப்பதை முழுதும் தடுக்க, திறக்கும் வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டதா என்று பொத்தானின் நிகழ்விலும் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒரே ப்ராமிஸுக்கு இரண்டு பேர் காத்திருந்தால் அது நிறைவேறும்போது இருவரும் தத்தம் வேலையைச் செய்வார்கள்.

தட்டச்சுக் கருவி ஏன் வாளாவிருக்கிறது என்பதற்கு என் ஊகம் இது. அதன் கோப்பைத் திறந்து, எச்டிஎம்எல் முழுதும் படிக்கப்பட்டதும் ஒரு முறை நிகழும் டாம்கன்டன்ட்லோடெட் என்ற நிகழ்வுக்காக எங்காவது காத்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய கருவிகளில் இது மிகப் பரவலான பழக்கம். பக்கம் வந்து அரை நிமிடம் கழித்து இந்தக் கோப்பை ஏற்றினால் அந்த நிகழ்வு எப்போதோ நடந்து முடிந்திருக்கும். அது மறுபடி நடக்காது, கருவியும் தொடங்காது, பிழை என்று சொல்லவும் எதுவும் இருக்காது. டாக்குமென்ட்டின் ரெடிஸ்டேட் இன்னும் 'லோடிங்' என்று இருந்தால் மட்டும் நிகழ்வுக்குக் காத்திருக்கவும், இல்லையென்றால் உடனே தொடங்கவும் அந்த வரியை மாற்றினால் போதும்.

இன்னர்எச்டிஎம்எல் வழியாகச் செருகும் ஸ்கிரிப்ட் இயங்காது என்பது எச்டிஎம்எல் தரத்திலேயே உள்ள விதி, தங்கள் பிழையன்று.

அகல் (மறுமொழி)

வெண்ணாறு சொன்னவை அனைத்தும் சரியே. ஆனால் எல்லாவற்றையும் இப்படித் தாமதித்து ஏற்ற வேண்டும் என்று தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன், ஏனெனில் நான் பொறுப்பேற்ற ஒரு தளத்தில் இந்தத் தவற்றை நானே செய்து, முன்பிருந்ததைவிட மெதுவாக்கியிருக்கிறேன்.

உலாவி எச்டிஎம்எல்லைப் பகுத்துக்கொண்டிருக்கும்போதே, முன்னோட்டமாக ஓடும் இன்னொரு வருடி மீதமுள்ள வரிகளில் ஸ்கிரிப்டுகளும் படங்களும் எங்கே இருக்கின்றன என்று தேடி இறக்கத் தொடங்கிவிடும். ஜாவாஸ்கிரிப்டுக்குள் ஒளிந்திருக்கும் முகவரி அந்த வருடியின் கண்ணுக்குப் படாது. ஆகவே பக்கம் திறந்தவுடன் எப்படியும் தேவைப்படும் ஸ்கிரிப்டை, உதாரணமாக தங்கள் தளத்தின் பட்டி, எழுத்தளவு மாற்றி போன்றவற்றை, எச்டிஎம்எல்லில் டிஃபர் பண்போடு எழுதுவதே சிறந்தது. அது பக்கத்தைத் தடுக்காது, வரிசையையும் காக்கும், இறக்கமும் முன்கூட்டியே தொடங்கிவிடும்.

தாமதித்து ஏற்றுவதால் காத்திருப்பு மறைந்துவிடுவதில்லை. பக்கம் திறக்கும்போது இருந்த காத்திருப்பைப் பயனர் பொத்தானை அழுத்தும் நேரத்துக்கு நகர்த்தி வைக்கிறோம், அவ்வளவுதான். தங்கள் பயனர்கள் இரண்டு முறை அழுத்துவது அதனால்தான். எனவே ஒவ்வொரு கருவிக்கும் 'இது எப்போது தேவை' என்பதோடு, 'இது தேவைப்படப் போகிறது என்று எவ்வளவு முன்னதாக நமக்குத் தெரியும்' என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். தங்கள் மூன்று கருவிகளுக்கும் இதன் விடை வெவ்வேறு.

வரைபடம் பக்கத்தின் அடியில் இருக்கிறது, அதை நோக்கி வாசகர் உருட்டிக்கொண்டு வருவது நமக்குத் தெரியும். இன்டர்செக்‌ஷன் அப்சர்வரில் (ஓர் உறுப்பு திரைக்குள் வருவதை அறிவிக்கும் உலாவி வசதி) ரூட்மார்ஜின் என்ற முன்னறிவிப்புத் தொலைவின் அளவை ஒரு திரை உயரம் அளவுக்கு வைத்தால், வரைபடம் கண்ணுக்குத் தெரியும் முன்பே கோப்புகள் இறங்கத் தொடங்கும். வரைபடத்துக்கான பெட்டிக்கு சிஎஸ்எஸ்ஸில் உயரத்தை முதலிலேயே கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது வந்து விரியும்போது வாசகர் படித்துக்கொண்டிருக்கும் வரி கீழே தள்ளப்படும்.

பிடிஎஃப்.ஜேஎஸ் மூன்றிலும் கனமானது. அது முதன்மைக் கோப்பு, பின்னணியில் வேலை செய்யும் வொர்க்கர் கோப்பு என்று இரண்டாக வருகிறது. சுருக்காத நிலையில் இரண்டும் சேர்த்து ஒரு மெகாபைட்டைத் தாண்டும். பெரும்பாலான வாசகர்கள் அறிக்கையைத் திறக்க மாட்டார்கள் என்பதால் அதை முன்கூட்டி இறக்குவது அவர்களுடைய டேட்டாவை வீணாக்குவதாகும். பொத்தானின்மேல் விரல் பட்ட கணத்திலேயே, அதாவது பாயின்டர்டவுன் நிகழ்விலேயே, இறக்கத்தைத் தொடங்குங்கள். கிளிக் நிகழ்வதற்குள் கிடைக்கும் மிகச் சிறிய நேரமும் பயன்தான். கிளிக் ஆனவுடன், கோப்பு வருவதற்குக் காத்திராமல், பொத்தானின் எழுத்தை 'அறிக்கை திறக்கிறது' என்று மாற்றுங்கள். 2024 மார்ச் 12 முதல் கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸ் அளவைகளில் இடம்பெற்றுள்ள ஐஎன்பி, பயனரின் செயலுக்குத் திரை எவ்வளவு விரைவாக மறுமொழி காட்டுகிறது என்பதைத்தான் அளக்கிறது. 200 மில்லிவினாடிக்குள் இருந்தால் நன்று என்பது அதன் வரையறை. முழு அறிக்கையும் அதற்குள் வந்துவிட வேண்டும் என்பதில்லை. அழுத்தியது பதிவாயிற்று என்று பயனருக்குத் தெரிந்தால் போதும்.

பிடிஎஃப்.ஜேஎஸ் 4ஆம் பதிப்பிலிருந்து மாட்யூலாக, எம்ஜேஎஸ் என்ற கோப்பு நீட்சியோடு வருகிறது. அதற்குத் தங்கள் சொந்த ஃபங்ஷன் வேண்டியதில்லை, ஈக்மாஸ்கிரிப்ட் 2020 தரத்தில் சேர்ந்த டைனமிக் இம்போர்ட்டே போதும். அதுவே ப்ராமிஸைத் தரும், ஒரே முகவரியை எத்தனை முறை கேட்டாலும் மாட்யூலை ஒரு முறைதான் இயக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த நீட்சியை அறியாத பழைய சர்வர்கள் கோப்பை ஜாவாஸ்கிரிப்ட் வகை என்று அறிவிக்காமல் அனுப்பிவிடும். வகை தவறாக இருந்தால் உலாவி மாட்யூலை இயக்க மறுத்துவிடும். சர்வர் அமைப்பில் ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும்.

கல்லெழுத்து (கேட்டவர்)

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு மாலைகள் அமர்ந்து பெரும்பாலானவற்றைச் செய்துவிட்டேன். வெண்ணாறு ஊகித்தது அப்படியே உண்மை: தட்டச்சுக் கருவியின் கடைசி வரி டாம்கன்டன்ட்லோடெட் நிகழ்வுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அறிக்கை இப்போது ஒரு முறைதான் திறக்கிறது.

ஆனால் இரண்டு புதிய விஷயங்கள் கண்ணில் பட்டன. வரைபடம் சில நேரம் பெட்டிக்குள் அடங்காமல், வரைபடத் துண்டுகள் பக்கம் முழுவதும் சிதறிக் கிடந்து, ஒரு வினாடி கழித்து ஒழுங்காகிறது. தட்டச்சுக் கருவியை, தேடல் பெட்டியில் கர்சர் வந்தவுடன் ஏற்றும்படி செய்திருந்தேன். விரைவாகத் தட்டுபவர் 'மன்னார்கோவில்' என்று தேட முனைந்தால், அடித்த முதல் மூன்று எழுத்துகள் ஆங்கிலமாகவே நின்றுவிடுகின்றன, அதற்குள் கருவி வந்து சேர்வதால் 'னார்கோவில்' என்று மீதி தமிழில் தொடர்கிறது. கருவி வரும்வரை பெட்டியைப் பூட்டி வைக்கலாமா?

மேலும், இந்தக் கோப்புகளை எங்கள் சர்வரிலிருந்தே தருவதா, பல தளங்களுக்கும் கோப்புகளைத் தரும் பொதுவான சிடிஎன் (வெளிச் சர்வர் வலை) ஒன்றிலிருந்து எடுப்பதா?

நெய்தல்திணை (மறுமொழி)

சிடிஎன் பற்றி மட்டும் சொல்கிறேன். தங்கள் சர்வரிலிருந்தே தாருங்கள். வேறு தளத்தில் ஏற்கெனவே இறங்கிய லீஃப்லெட் தங்கள் தளத்துக்கும் பயன்படும் என்ற பழைய வாதம் இன்று செல்லாது. 2020இல் வந்த குரோம் 86 முதல் கேஷ், அதாவது உலாவி சேமித்து வைக்கும் கோப்புகளின் இருப்பு, தளத்துக்குத் தளம் தனியாகப் பிரித்து வைக்கப்படுகிறது, சஃபாரி அதற்கும் முன்பே அப்படிச் செய்துவந்தது. வேற்றுச் சர்வர் என்றால் அதற்கான டிஎன்எஸ் தேடலும் இணைப்பும் கூடுதல் செலவு.

பாதுகாப்பும் இருக்கிறது. பாலிஃபில்.ஐஓ என்ற முகவரி 2024 தொடக்கத்தில் கைமாறியது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில், அதை நம்பி ஸ்கிரிப்ட் எடுத்த ஏராளமான தளங்களின் பயனர்களுக்குத் தீங்கான நிரல் அனுப்பப்பட்டது தெரியவந்தது. கட்டாயம் வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றால், உருவாக்கும் ஸ்கிரிப்ட் உறுப்பில் இன்டெக்ரிட்டி, கிராஸ்ஆரிஜின் ஆகிய இரண்டு பண்புகளையும் கட்டாயம் கொடுங்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் உலாவி அதை இயக்காது.

வெண்ணாறு (மறுமொழி)

வரைபடத் துண்டுகள் சிதறுவது ஸ்கிரிப்டால் அன்று, லீஃப்லெட்டின் சிஎஸ்எஸ் கோப்பு தாமதமாக வருவதால். ஒவ்வொரு துண்டையும் பெட்டிக்குள் நிறுத்தி வைக்கும் விதிகள் அந்தக் கோப்பில்தான் உள்ளன. லிங்க் உறுப்புக்கும் ஆன்லோட் உண்டு, ஆகவே அதையும் ஒரு ப்ராமிஸாக்கி, ப்ராமிஸ்.ஆல் கொண்டு ஸ்கிரிப்டோடு சேர்த்துக் காத்திருந்து, இரண்டும் வந்த பிறகே வரைபடத்தை வரையுங்கள். மார்க்கர்கிளஸ்டருக்கும் அதன் சொந்த சிஎஸ்எஸ் உண்டு, மறக்க வேண்டாம்.

தேடல் பெட்டியைப் பூட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கருவி வராமலே போனால் தேடலே நின்றுவிடும். கைப்பேசியில் வருபவர்கள் பெரும்பாலும் தங்கள் விசைப்பலகையிலேயே தமிழில் தட்டுகிறார்கள். ஆண்ட்ராய்டு குரோமில் விசை நிகழ்வுகள் உண்மையான விசையைச் சொல்லாமல் 229 என்ற எண்ணையே தருவது வழக்கம் என்பதால், விசையைப் பார்த்து வேலை செய்யும் இத்தகைய கருவிகள் அங்கே ஒழுங்காக இயங்குவதும் அரிது. ஆகவே களத்தில் நிற்கும் மாணவர்களுக்கு இந்தக் கோப்பு தேவையே இல்லை. பெட்டியின் பக்கத்தில் 'அ' என்று ஒரு சிறிய பொத்தான் வையுங்கள். அதை அழுத்தியவருக்கு மட்டும் கருவி வரட்டும், அந்த விருப்பத்தை லோக்கல்ஸ்டோரேஜில் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அவர் வரும்போது பக்கம் ஓய்ந்தவுடன் தானாகவே ஏற்றிவிடுங்கள். கருவி வந்து சேரும்போது பெட்டியில் ஏற்கெனவே ஆங்கில எழுத்துகள் இருந்தால், அவற்றையும் எடுத்து ஒரு முறை மாற்றிக் கொடுத்தால் 'மன்னார்கோவில்' முழுமையாக வந்துவிடும்.

சிக்னல் இல்லாத இடத்தில் திறக்கும் பக்கம் என்பதால், தோல்வியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ப்ராமிஸ் நிராகரிக்கப்பட்டால் அதை மேப்பிலிருந்து நீக்குங்கள், தோற்ற ஸ்கிரிப்ட் உறுப்பையும் டாமிலிருந்து (உலாவி வைத்திருக்கும் பக்க உறுப்புகளின் மரத்திலிருந்து) எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒரு முறை சிக்னல் போனவருக்கு, சிக்னல் திரும்பிய பிறகும், பக்கத்தை மறுபடி திறக்கும்வரை வரைபடம் கிடைக்காது. தோற்ற அதே உறுப்பைத் திரும்பச் செருகுவதாலும் பயனில்லை, ஏனெனில் ஒரு முறை தொடங்கிய ஸ்கிரிப்ட் உறுப்பை உலாவி மறுபடி இயக்காது. புதிய உறுப்புதான் வேண்டும்.

ஆன்லோட் வந்துவிட்டது என்பதாலேயே எல்லாம் சரி என்றும் கொள்ளக் கூடாது. சில சர்வர்கள் இல்லாத கோப்பைக் கேட்டால் 404 தராமல் முகப்புப் பக்கத்தின் எச்டிஎம்எல்லையே 200 என்று அனுப்பும். உலாவி அதை ஜாவாஸ்கிரிப்டாகப் படிக்க முயன்று, முதல் கோண அடைப்புக்குறியிலேயே தொடரியல் பிழை என்று நிற்கும், ஆனாலும் ஆன்லோட் நிகழ்ந்துவிடும். எனவே ஆன்லோடுக்குள் 'எல்' உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே ப்ராமிஸை நிறைவேற்றுங்கள்.

இந்த நிலை பெரும்பாலும் புதிய பதிப்பை வெளியிட்ட நாளில்தான் வரும். வாசகர் காலையில் திறந்த பக்கம் பழைய கோப்பின் பெயரை நினைவில் வைத்திருக்கும், மாலையில் அவர் பொத்தானை அழுத்தும்போது அந்தக் கோப்பைத் தாங்கள் அழித்திருப்பீர்கள். பழைய கோப்புகளைச் சில வாரங்களாவது சர்வரில் விட்டு வையுங்கள். பிடிஎஃப்.ஜேஎஸ்ஸில் இது இன்னும் நுட்பமானது: முதன்மைக் கோப்பும் வொர்க்கரும் ஒரே பதிப்பாக இல்லாவிட்டால் அது பிழை காட்டி நின்றுவிடும், ஆகவே பதிப்பு எண்ணைக் கோப்புறையின் பெயரில் வைத்து இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள்.

அகல் (மறுமொழி)

ஒன்று விடுபட்டது. அறிக்கையைத் திறக்கும் பொத்தானைப் பொத்தானாக எழுதாமல், பிடிஎஃப் கோப்பையே சுட்டும் உண்மையான இணைப்பாக எழுதிவிடுங்கள். ஸ்கிரிப்ட் வந்தால் அது பக்கத்துக்குள் திறக்கும், வராவிட்டால் உலாவியோ கைப்பேசியின் செயலியோ திறந்துகொள்ளும். வரைபடப் பெட்டிக்குள்ளும் ஊரின் பெயர், வட்டம், அருகிலுள்ள பேருந்து நிறுத்தம் ஆகியவற்றை எழுத்திலேயே வைத்து, வரைபடம் வந்த பிறகு மறைத்தால் நன்றாக இருக்கும்.

கல்லெழுத்து (கேட்டவர்)

'அ' பொத்தானை வைத்துவிட்டேன். குரோமின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க்கை 3ஜி அளவுக்குக் குறைத்துச் சோதித்தபோது கல்வெட்டின் வாசகம் மற்ற எதற்கும் காத்திராமல் முதலில் வந்தது. நெட்வொர்க்கை முற்றிலும் அணைத்து வரைபடத்தை நோக்கி உருட்டினேன்: ஊரின் பெயரும் பேருந்து நிறுத்தமும் எழுத்தாக நின்றன, கீழே 'வரைபடத்தை மறுபடி முயல்க' என்ற பொத்தான் இருந்தது, நெட்வொர்க்கைத் திறந்து அதை அழுத்தியதும் வரைபடம் வந்தது. எம்ஜேஎஸ் கோப்பின் வகையைச் சர்வர் அமைப்பில் சேர்க்க எங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன், அதுவரை பிடிஎஃப்.ஜேஎஸ்ஸின் 3ஆம் பதிப்பையே வைத்திருக்கிறேன். மாணவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை மன்னார்கோவிலுக்குப் போகிறார்கள், அங்கிருந்து பக்கம் எப்படித் திறக்கிறது என்று கேட்டு இங்கே எழுதுகிறேன்.